சுமையை அறிவோம், சுகமாய் வீடு திரும்புவோம்
மரக்கட்டை ஏற்றும் டிராக்டரும் லோரியும்: தொழிலாளர் அறிய வேண்டியவை

காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் தத்தம் நிரைகளுக்குப் பிரிந்து சென்ற பின்னரும், தோட்டத்தின் ஒரு மூலையிலிருந்து மரம் அறுக்கும் இயந்திர வாளின் இரைச்சல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே மறுநடவு வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து, ஒரு தலைமுறையையே வளர்த்துவிட்ட ரப்பர் மரங்கள் அங்கே சாய்கின்றன. பால் வற்றிய மரம் பயனற்ற மரம் அன்று. அதன் கடைசிச் சேவை அப்போதுதான் தொடங்குகின்றது.

முற்காலத்தில் ரப்பர் கட்டை என்றாலே விறகு என்றுதான் நாம் எண்ணினோம். தோட்டத்துப் புகைக்கூடங்களில் ரப்பர் தகடுகளை உலர்த்தியது அந்த விறகுதான். லயத்து அடுப்புகளில் சோறு பொங்கியதும் அதே விறகினால்தான். செங்கல் சூளைகளுக்கும் அது சென்றது. 1960களின் பிற்பகுதியில் பிறையில் இயங்கத் தொடங்கிய இரும்பாலையின் உலைக்குக்கூட ரப்பர் மரத்துக் கரியே எரிபொருளாகப் பயன்பட்டது. பின்னர், மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் தாக்காதவாறு மருந்திட்டுப் பதப்படுத்தும் முறை பரவியதும், பருத்த கட்டைகள் நாற்காலியாகவும் மேசையாகவும் உருமாறிக் கடல் கடந்து செல்லலாயின. இன்று அடிமரம் ஆலைக்கும் கிளைகள் விறகுக்கும் செல்கின்றன.

விறகுக்கானாலும் ஆலைக்கானாலும், வெட்டிய கட்டை மலைச்சரிவிலிருந்து சாலைக்கு வந்து சேர்ந்தாக வேண்டும். அந்த வேலையை முன்பு மாட்டு வண்டி செய்தது. இன்று டிராக்டரும் லோரியும் செய்கின்றன. மாடு தன்னால் இழுக்க முடியாத பாரத்தை ஏற்றினால் நின்றுவிடும்; அடித்தாலும் நகராது. இயந்திரத்திற்கு அந்த அறிவு கிடையாது. நாம் ஏற்றியதை எல்லாம் அது இழுக்கும். அச்சு முறியும் வரையிலும், தலைகுப்புறக் கவிழும் வரையிலும் இழுக்கும். ஆகவே மாட்டுக்கு இயற்கை தந்திருந்த அறிவை, டிராக்டர் ஓட்டுபவரும் கட்டை ஏற்றுபவரும் தாமே பெற்றிருக்க வேண்டியவர்களாகின்றனர். அந்த அறிவைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

ஒரு கட்டையின் எடை என்ன?

கட்டை ஏற்றும் வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, கண்ணால் பார்த்து எடையை மதிப்பிடுவதில் தொடங்குகின்றன. கண் நம்மை ஏமாற்றிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ஆறு அடி நீளமுள்ள, அதாவது ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள இரண்டு கட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் குறுக்களவு 15 சென்டிமீட்டர். மற்றொன்றின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். இரண்டாவது கட்டை முதலாவதைப் போல் இரு மடங்கு பருமன் உடையது. அப்படியானால் எடையும் இரு மடங்குதானே என்று பலர் எண்ணுவர். அது தவறு. பருமன் இரு மடங்கானால் எடை நான்கு மடங்காகும். அன்று வெட்டிய பச்சை ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ இருக்கும் என்று கொண்டால், முதல் கட்டை 25 கிலோ; இரண்டாவது கட்டையோ 100 கிலோவுக்கும் சற்று அதிகம். முதலாவதை ஓர் ஆள் தூக்கலாம். இரண்டாவதை இருவர் சேர்ந்து தூக்க முயல்வதும் முதுகெலும்புக்குக் கேடாகும்.

இனி, குவியலின் எடையைப் பார்ப்போம். டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் டிரெய்லரின் தளம் 3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உடையது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு மீட்டர் உயரத்திற்குக் கட்டைகளை அடுக்கினால், குவியலின் அளவு 5.4 கன மீட்டர். கட்டைகளுக்கு இடையில் உள்ள சந்துகளைக் கழித்துவிட்டால், அதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான் மரம். அந்த மரத்தின் எடை 2.6 டன். டிரெய்லரின் தாங்கும் அளவு 3 டன் என்றால், இது பொறுத்துக்கொள்ளக்கூடிய பாரமே.

இப்போது யாராவது ஒருவர், “இன்னும் ஓர் அடுக்குப் போடுவோம்” என்கின்றார். முப்பது சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி உயரம்தான் கூடுகின்றது. பார்வைக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த ஓர் அடி உயரத்தின் எடை முக்கால் டன்னுக்கும் மேல்! டிரெய்லரின் தாங்கும் அளவு அந்த ஒரே அடுக்கில் மீறப்பட்டுவிடுகின்றது. மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டி, அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்தார். நம் வண்டியில் ஏறுவதோ மயிலிறகு அன்று.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மரம் காயக் காய அதிலுள்ள நீர் வெளியேறி எடை குறையும். நன்கு காற்றில் உலர்ந்த ரப்பர் மரம் ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ அளவில்தான் இருக்கும். எனவே, நாள்பட்ட விறகை ஏற்றியபோது சிரமமின்றி வந்த அதே உயரம், அன்று வெட்டிய கட்டையை ஏற்றும்போது ஆபத்தான உயரமாகிவிடக்கூடும். “போன மாதம் இதே அளவு ஏற்றினோமே” என்னும் வாதம் இங்கே செல்லாது.

கொக்கி எங்கே இருக்க வேண்டும்?

சரிவில் கிடக்கும் பருத்த அடிமரத்தைச் சங்கிலியால் கட்டி டிராக்டரால் இழுத்து வருவது வழக்கம். இந்த வேலையில்தான் டிராக்டர் முன்பக்கம் மேலெழும்பிப் பின்புறமாகக் கவிழும் விபத்து நேர்கின்றது. அதன் காரணத்தை ஒவ்வொருவரும் புரிந்துகொள்வது அவசியம்.

வீட்டில் உள்ள அலமாரியின் மேற்புறத்தில் கயிற்றைக் கட்டி இழுத்துப் பாருங்கள். அலமாரி நம்மீது சாயும். அதே கயிற்றை அடிப்புறத்தில் கட்டி இழுத்தால், அலமாரி சாயாமல் தரையோடு நகரும். டிராக்டரின் நிலையும் இதுவே. பின்சக்கரங்களின் அச்சுக்குக் கீழே, உற்பத்தியாளர் அமைத்துக் கொடுத்துள்ள இழுசட்டத்தில் சங்கிலியைக் கொக்கியிட்டால், பாரம் டிராக்டரைக் கவிழ்க்க முடியாமல் பின்னால் இழுபட்டு வரும். அதை விடுத்து, அச்சின்மீதோ, இருக்கைக்கு அடியில் உள்ள சட்டத்திலோ, உயரத்தில் உள்ள வேறு எந்தப் பிடியிலோ சங்கிலியைக் கட்டினால், அலமாரியின் தலையில் கட்டிய கயிற்றின் கதைதான். கட்டை ஏதாவது ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கி நின்றதும், பின்சக்கரங்கள் மண்ணைப் பற்றிச் சுழல முயல, முன்சக்கரங்கள் மேலெழும்பிவிடும்.

அப்படி எழும்பிய டிராக்டர் முழுவதுமாகப் பின்புறம் கவிழ்வதற்கு ஒன்றரை வினாடியே போதும். அதைத் தடுக்க முடியாத நிலை அதற்கும் முன்பே, முக்கால் வினாடியில் வந்துவிடும். “என்ன நடக்கின்றது” என்று ஓட்டுநர் உணர்ந்து, கிளட்சை மிதிக்கக் கால் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கெட்டிக்காரத்தனமும் அனுபவமும் இந்த ஒரு வினாடிக்குள் உதவுவதில்லை. முன்கூட்டியே கொக்கியைத் தாழ்வாக மாட்டிய கைதான் உதவும்.

இதே காரணத்தால், பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்த டிராக்டரை முன்னோக்கி வலிந்து செலுத்துவது கூடாது. சக்கரத்தின் முன்னே கட்டையைச் செருகி உருள விடாமல் செய்துவிட்டு விசையைக் கூட்டினால், சக்கரம் சுழல்வதற்குப் பதிலாக டிராக்டரின் உடல் சக்கரத்தைச் சுற்றி எழும்பும். பாரத்தைக் கழற்றிவிடுங்கள், பின்னோக்கி மெல்லச் செலுத்திப் பாருங்கள். அதுவும் இயலாவிட்டால் இன்னொரு டிராக்டரை அழையுங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காப்பதற்கென இருக்கைக்குப் பின்னால் உறுதியான இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. சுவீடன் நாடு 1959 ஆம் ஆண்டிலேயே புதிய டிராக்டர்களில் இச்சட்டம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. அதன் பின்னர் அங்கே டிராக்டர் கவிழ்ந்து மாண்டோர் தொகை பெரிதும் குறைந்தது. ஆனால் இந்தச் சட்டம் பயன்பட வேண்டுமானால் இருக்கை வாரையும் அணிந்திருக்க வேண்டும். வார் அணியாதவர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தம்மைக் காக்க வந்த அதே இரும்புச் சட்டத்தின் அடியில் விழக்கூடும். கிளைகள் இடிக்கின்றன என்று சட்டத்தைக் கழற்றி ஸ்டோரில் வைப்பது, குடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நனைவதற்கு ஒப்பாகும்.

ஏற்றத்தைவிட இறக்கமே கொடியது

மேடு ஏறும்போது இயந்திரம் திணறுகின்றது; புகை கக்குகின்றது. அதைக் கண்டு நாம் எச்சரிக்கை அடைகின்றோம். இறக்கத்திலோ வண்டி ஓசையின்றி இலகுவாக ஓடுகின்றது. அந்த இலகுவே நம்மை ஏமாற்றுகின்றது.

மூன்று டன் கட்டையும் ஒரு டன் எடையுள்ள டிரெய்லருமாகச் சேர்ந்து நான்கு டன் என்று கொள்வோம். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் சரிவில், அது 400 கிலோ விசையுடன் டிராக்டரைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். ஐந்து மீட்டருக்கு ஒரு மீட்டர் தாழும் செங்குத்தான பாதையில் அந்த விசை ஏறத்தாழ 800 கிலோவாகும். டிரெய்லருக்கு எனத் தனி பிரேக் இல்லையென்றால், இவ்வளவு தள்ளுதலையும் டிராக்டரின் சக்கரங்கள் மட்டுமே தாங்கி நிறுத்த வேண்டும். மழையில் நனைந்த செம்மண் பாதையில் அச்சக்கரங்கள் பற்றிக்கொள்ள என்ன இருக்கின்றது?

இந்நிலையில் ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் டிராக்டர் நிற்கும். பின்னால் வரும் சுமை நிற்காது. அது டிராக்டரைப் பக்கவாட்டில் தள்ளி, மடக்குக்கத்தியைப் போல் வண்டியை மடித்துவிடும். பள்ளம் உள்ள பக்கமாக மடிந்தால் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, இறக்கத்தில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளை மனத்தில் பதித்துக்கொள்வோம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்தி, தாழ்ந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். இதே மேட்டை ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அதுவே பொருத்தம். இறங்கத் தொடங்கிய பின்னர் கியரை மாற்ற முயல்வது பேராபத்து. கியர் விடுபட்டு மீண்டும் விழாமல் போனால் வண்டி நம் கையை விட்டுப் போய்விடும். எண்ணெய் மிச்சம் பிடிக்கலாம் என்று கியரைத் தள்ளிவிட்டு வண்டியை ஓட விடுவது அறிவீனம். வயலில் திரும்புவதற்கு வசதியாக இடம் வலமாகத் தனித்தனியே இயங்கும் இரு பிரேக் மிதிகளையும் சாலைக்கும் சரிவுக்கும் வருமுன் ஒன்றாக இணைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு சக்கரத்திற்கு மட்டும் பிரேக் விழுந்தால் வண்டி சுழன்றுவிடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி பிரேக் பிடித்த பின் நிற்பதற்கு எவ்வளவு தூரம் தேவையோ, 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதைப் போல் நான்கு மடங்கு தூரம் தேவைப்படும். வேகம் இரட்டித்தால் ஆபத்து இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது.

அடுக்குவதும் கட்டுவதும்

கட்டை உருளும் தன்மை உடையது. மூட்டையைப் போல் வைத்த இடத்தில் அது இருக்காது. ஆகவே பருத்த கட்டைகள் அடியிலும், சிறியவை மேலேயும் இருத்தல் வேண்டும். பாரம் டிரெய்லரின் நடுவிலும் சற்று முன்புறமாகவும் அமைய வேண்டும். பின்புறமே பாரம் கூடிவிட்டால், அது டிரெய்லரின் முன்முனையைத் தூக்கி டிராக்டரின் பின்சக்கரப் பிடிப்பைக் குறைத்துவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்த பாரம், வளைவில் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

இருபுறமும் நிறுத்தும் காவற்கம்பங்களின் உயரத்திற்கு மேல் ஒரு கட்டைகூட இருத்தலாகாது. கம்பங்களுக்கு மேலே கூம்பாகக் குவித்துவிட்டுக் கயிற்றை நம்புவது தகாது. பிறகு குறைந்தது இரண்டு இடங்களிலாவது சங்கிலியாலோ கம்பிக் கயிற்றாலோ இறுக்கு வாராலோ பாரத்தைக் கட்ட வேண்டும். நைந்த நார்க்கயிறும், இழை அறுந்து முள்ளாய் நிற்கும் கம்பிக் கயிறும் கட்டுவதற்கு உரியவை அல்ல. சிறிது தூரம் சென்றதும் வண்டியை நிறுத்திக் கட்டை மறுபடி இறுக்குவது நல்லது. ஏனெனில் குலுக்கலில் கட்டைகள் ஒன்றோடொன்று படிந்து, கட்டு தளர்ந்துவிடும்.

கம்பிக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டையை இழுக்கும்போது அருகில் எவரும் நிற்கலாகாது. இழுபட்ட கயிறு அறுந்தால் அது சாட்டையைப் போல் வீசும். கயிற்றின் நீளம் எவ்வளவோ, அதைவிடக் கூடுதலான தூரத்திற்கு அப்பால் நிற்க வேண்டும். விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டிச் செல்வதும் கூடாது.

கட்டைமேல் அமர்ந்து செல்லலாமா?

இக்கேள்விக்கு விதியைச் சொல்வதைக் காட்டிலும், ஒருவருடைய அனுபவத்தைச் சொல்வது பயன் தரும்.

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றுக்கு நாம் சென்றிருந்த சமயம், முப்பது ஆண்டுகள் டிராக்டர் ஓட்டிய பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். கட்டை ஏற்றி முடிந்திருந்தது. மாலை நான்கு மணி. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஏற்றிய இளைஞர்களில் ஒருவர் குவியலின்மேல் தாவி ஏறி அமர்ந்தார். “அண்ணே, லயத்துப் பக்கம்தானே போறீங்க, அப்படியே வந்துடறேன்” என்றார்.

பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். கீழே இறங்கி வந்து நின்றுகொண்டார். “இறங்கு தம்பி” என்றார். இளைஞர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. மழைத் தூறல் விழத் தொடங்கியது. அப்போதும் அவர் வண்டியில் ஏறவில்லை. இறுதியில் இளைஞர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி நடந்தார்.

காரணத்தைப் பிறகு நம்மிடம் சொன்னார். அவர் புதிதாக ஓட்டத் தொடங்கியிருந்த காலம். அவருடைய மைத்துனர் அவருக்கு உதவியாளாக இருந்தார். ஒரு நாள் கட்டைமேல் அமர்ந்து வந்தார். வேகம் ஒன்றும் அதிகமில்லை. வடிகாலைக் கடந்தபோது டிரெய்லர் ஒரு பக்கம் இறங்கி ஏறியது. கட்டு தளர்ந்து, மேலடுக்கு சரிந்தது. “என் பின்னாலே சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தேன். மேலே ஆளைக் காணோம்” என்றார் அவர். சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “என் தங்கச்சிக்கு அப்போ வயசு இருபத்திரண்டு. கைக்குழந்தை வேறே. நான் ஏத்திக்கிட்டு வந்தேன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்லே. அதுதான் எனக்குப் பெரிய பாரம்” என்று முடித்தார்.

அன்று மழையில் நனைந்தபடி வீடு போய்ச் சேர்ந்த அந்த இளைஞருக்கு இக்கதை தெரியுமோ தெரியாதோ, நாம் அறியோம். ஆனால் அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

டிராக்டரில் ஓட்டுநருக்கு மட்டுமே இருக்கை உண்டு. சக்கரக் காப்பின்மீதும், இழுசட்டத்தின்மீதும், கட்டைமீதும் ஆட்கள் அமர்வதற்கு எவ்வித நியாயமும் இல்லை. நடந்தால் கால் மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

சாலைக்கு வந்த பின்

சரிவிலிருந்து சாலையோரம் வந்த கட்டைகள் லோரியில் ஏறுகின்றன. லோரியின் பக்கத்தில் இரண்டு எடைகள் மலாய் மொழியில் எழுதப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பர். ‘பெராட் தன்பா மூவாத்தான்’ என்பது பாரமில்லாத வண்டியின் எடை. ‘பெராட் டெங்ஙான் மூவாத்தான்’ என்பது பாரத்துடன் கூடிய அனுமதிக்கப்பட்ட எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், ஏற்றக்கூடிய பாரம் கிடைத்துவிடும். காட்டாக, 7,500 கிலோவிலிருந்து 3,500 கிலோவைக் கழித்தால் 4,000 கிலோ. அதற்கு மேல் ஏற்றுவது பொதுச் சாலையில் குற்றமாகும். வண்டியின் டயரும் பிரேக்கும் அச்சும் அந்த அளவுக்கே செய்யப்பட்டவை என்பதையும் மறத்தல் கூடாது.

லோரி ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் உள்ள முன்தடுப்பு வலுவாக இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது கட்டைகள் அனைத்தும் முன்னோக்கியே பாயும். தடுப்பு இல்லையேல் அவை ஓட்டுநரின் முதுகில்தான் வந்து நிற்கும். கட்டைகள் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் நம் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

பாரத்தை இறக்கும்போது நேரும் விபத்துகளும் உண்டு. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியில் விழிப்பு குறைந்துவிடுகின்றது. கட்டை அவிழ்க்குமுன் வண்டி சமதரையில் நிற்கின்றதா, சக்கரங்களுக்கு முட்டு வைக்கப்பட்டுள்ளதா, பயணத்தில் சரிந்த கட்டை எதுவும் காவற்கம்பத்தின்மீது சாய்ந்து நிற்கின்றதா என்று சுற்றிவந்து பார்க்க வேண்டும். பாரம் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு கம்பத்தைக் கழற்றலாகாது.

அவசரம் எங்கிருந்து வருகின்றது?

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் விபத்துகள் நேர்கின்றன? அவசரத்தால்தான். வெட்டிய ரப்பர் மரத்தைச் சில நாள்களுக்குள் ஆலைக்கு அனுப்பி மருந்திடாவிட்டால், நீலக்கறை படிந்தும் வண்டு துளைத்தும் கெட்டுவிடும். ஆகவே ஆலை அவசரப்படுத்துகின்றது, குத்தகையாளர் அவசரப்படுத்துகின்றார். டன் கணக்கில் கூலி என்றால், தொழிலாளரும் தம்மைத் தாமே அவசரப்படுத்திக்கொள்கின்றார். ‘இன்னும் ஓர் அடுக்கு’ என்னும் சொல் இங்கேதான் பிறக்கின்றது.

கூலியின் அருமை நாம் அறியாதது அன்று. எனினும் ஒன்று சொல்வோம். ஒரு நடை கூடுதலாகப் போனால் எண்ணெயும் ஒரு மணி நேரமும் செலவாகும். அவை மீண்டும் ஈட்டக்கூடியவை. அச்சு முறிந்தால் ஒரு வார வேலை போகும். ஆள் போனால் எதைக் கொண்டு ஈடு செய்வது?

சட்டம் தரும் பாதுகாப்பு

பாதுகாப்பற்ற வேலையைச் செய்ய மறுத்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. 1994 ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தும். தொழிலாளருக்குப் பாதுகாப்பான கருவிகளும் பயிற்சியும் அளிப்பது முதலாளியின் கடமை என்று அது கூறுகின்றது. 2022 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த பிரிவுகள் அதனை மேலும் வலுவாக்கியுள்ளன. வேலையில் உள்ள ஆபத்துகளை முன்னதாக ஆராய்ந்து, அவற்றைக் குறைக்கும் வழிகளைச் செய்வது முதலாளியின் பொறுப்பு. உடனடி ஆபத்து இருக்கின்றது என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளர் அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குத் தீங்கு இழைத்தலாகாது.

ஆகவே, பிரேக் இல்லாத டிரெய்லரைச் செங்குத்தான சரிவில் இறக்கச் சொன்னால், முதலில் கிராணியிடமோ மேற்பார்வையாளரிடமோ மரியாதையுடன் எடுத்துச் சொல்லுங்கள். என்ன பழுது, எங்கே பழுது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தோட்டத்தில் பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் கவனத்திற்கும், தொழிற்சங்கப் பிரதிநிதியின் கவனத்திற்கும் கொண்டு செல்லுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால் அதை மறைப்பது கூடாது. 1969 ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இயங்கும் சொக்சோ, வேலையில் காயமுற்றோருக்கு மருத்துவ உதவியும் பண உதவியும் வழங்குகின்றது. மருத்துவர் நான்கு நாள்களுக்குக் குறையாமல் விடுப்பு அளித்தால், சராசரி நாள் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். நிரந்தர ஊனத்திற்கும், உயிரிழந்தோரின் குடும்பத்திற்கும் தனித்தனி உதவிகள் உண்டு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் வேலைக் காயத்திற்கு இத்திட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுள்ளனர். விபத்தைப் பற்றி அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே, “சின்னக் காயம்தானே” என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அன்றே தெரிவித்து, மருத்துவரைப் பார்த்து, அந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். குத்தகையாளரிடம் வேலை செய்வோர், தம் பெயருக்குச் சந்தா கட்டப்படுகின்றதா என்று விபத்துக்கு முன்பே கேட்டு அறிந்துகொள்வது நலம்.

புறப்படுமுன் ஒரு நிமிடம்

வண்டியைக் கிளப்புமுன் ஒரு முறை அதைச் சுற்றி நடந்து வாருங்கள். டயரில் காற்று இருக்கின்றதா? பிரேக் பிடிக்கின்றதா? இணைப்புப் பின் சரியாக விழுந்து, அது கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்கின்றதா? பாரம் கம்பங்களுக்குள் அடங்கியிருக்கின்றதா? கட்டு இறுகியிருக்கின்றதா? கட்டைமேலோ சக்கரத்தின் அருகிலோ யாரேனும் இருக்கின்றார்களா? பாதை மழையில் நனைந்திருக்கின்றதா? இவ்வளவையும் பார்ப்பதற்கு ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரமே ஆகும்.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட அந்தப் பெரியவர் விடைபெறும்போது ஒரு சொல் சொன்னார். “ஏறும்போது இயந்திரம் நம்மகிட்டே சொல்லிட்டுத்தான் திணறும். இறங்கும்போது சுமை நம்மகிட்டே ஒண்ணும் சொல்லாது. நாமதான் முன்கூட்டியே தெரிஞ்சிக்கிடணும்.” முப்பது ஆண்டுப் படிப்பு அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கியிருந்தது.

பால் கொடுத்து நம்மை வாழ வைத்த மரம், கட்டையாகி வெளியேறும் நாளில் நம்மில் எவரையும் தன்னுடன் கொண்டு போய்விடலாகாது. சுமையின் அளவறிந்து ஏற்றுவோம், சரிவறிந்து இறங்குவோம். மாலையில் லயத்து வாசலில் காத்திருக்கும் பிள்ளைகளிடம் நலமுடன் திரும்பிச் சேர்வோம்.